‘எல்லோரும்’ என்றால் யார் யார்?

போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ‘நான் பெண்ணியவாதிதான்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். கேள்வி என்னவோ, நீண்ட வாக்கியத்தில் காற்புள்ளி எங்கே வரும் என்பதுதான். வந்த கடிதங்களில் ஒன்றுகூடக் காற்புள்ளியைப் பற்றி இல்லை. எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியே. சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடலாம். கேட்டவர்களின் பெயரைப் போடுவதில்லை என்ற வழக்கம் இந்த முறையும் உண்டு. 31 வருடம் அச்சகங்களில் ப்ரூஃப் பார்த்தவள் நான். எதைக் கேட்டாலும் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உரிமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என்னைப் ‘பெண்ணியவாதி’ என்று சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. சமத்துவத்தைக் கேட்கும் கொள்கைக்கு ஒரு பாலின் பெயரை மட்டும் வைத்தால், அதுவே ஒருதலைப்பட்சம் இல்லையா? ‘சமத்துவவாதி’ என்றால் போதாதா?
– கல்லூரி மாணவி

போதும் என்றுதான் நானும் ரொம்ப காலம் நினைத்தேன். சொல்லின் அமைப்பும் உங்கள் பக்கம்தான் பேசுகிறது. தமிழில் ‘இயம்’ சேர்த்தால் அது கொள்கை. மார்க்சியம் என்றால் மார்க்ஸ் சொன்ன கொள்கை. அப்படியானால் பெண்ணியம்? பெண்களுடைய கொள்கை, பெண்களுக்கான கொள்கை, பெண்தான் உயர்வு என்ற கொள்கை, எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். ‘பெண்ணுரிமை’, ‘பெண்விடுதலை’ என்ற சொற்களில் இந்தக் குழப்பம் இல்லை. கேட்பது உரிமை, கேட்பது விடுதலை என்று அவையே சொல்லிவிடுகின்றன. என்னைக் கேட்டால் அந்த ‘இயம்’ கொஞ்சம் வழுக்கல்தான்.

ஆனால் ப்ரூஃப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல்லைத் தனியாக எடுத்துவைத்துச் சரியா தவறா என்று பார்க்க மாட்டோம். அது எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். ‘மனிதர்’, ‘சமம்’, ‘அனைவரும்’ மாதிரியான பொதுச்சொற்கள் வரலாற்றில் எந்தெந்த வரிகளில் உட்கார்ந்திருந்தன என்று கொஞ்சம் பாருங்கள்.

1789ல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, மனிதனுக்கும் குடிமகனுக்கும் உள்ள உரிமைகளின் பிரகடனம் வெளியானது. மனிதர்கள் உரிமையில் சமமாகப் பிறக்கிறார்கள் என்பது அதன் முதல் பிரிவு. எவ்வளவு நல்ல வரி! பெண்களுக்கு ஓட்டு மட்டும் கிடையாது. 1791ல் ஒலிம்ப் து கூஷ் என்ற பெண் அதே பிரகடனத்தை எதிரே வைத்துக்கொண்டு, ‘பெண்’, ‘குடிமகள்’ என்ற சொற்களைப் போட்டு அதை மறுபடி எழுதினார். எங்கள் தொழிலில் சொன்னால், விடுபட்ட சொல்லை ஓரத்தில் எழுதி, எங்கே நுழைய வேண்டும் என்று குறி போட்டார். திருத்தம் ஏற்கப்படவில்லை. இரண்டு வருடம் கழித்து, வேறு அரசியல் எழுத்துகளுக்காக, அவரைக் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினார்கள்.

அதைவிட எனக்கு ஆச்சரியமானது 1848. அந்த வருடம் பிரான்சில் சர்வஜன வாக்குரிமை வந்தது. பெயரே அதுதான், சர்வஜன வாக்குரிமை. 21 வயது நிரம்பிய ஆண்களுக்கெல்லாம் ஓட்டு. பெண்களில் ஒருவருக்கும் இல்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் ஆணை வந்தது 1944ல். அவர்கள் முதன்முதலாக வாக்குச்சாவடிக்குப் போனது 1945ல். நடுவில் 96 வருடம், ‘சர்வஜனம்’ என்ற சொல் பாதி ஜனத்தை விட்டுவிட்டு, கூச்சமே இல்லாமல் அச்சாகிக்கொண்டிருந்தது. அந்த 96 வருடத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண் ‘நான் சமத்துவவாதி’ என்று சொல்லியிருந்தால், எதிரே இருந்தவர் ‘நானும்தான் அம்மணி’ என்று தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு ஓட்டுப் போடப் போயிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ‘எல்லோரும்’ அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனம் தயாரானபோது, முதல் பிரிவின் வரைவில் ‘ஆல் மென்’ என்று இருந்தது. ‘மென்’ என்றால் எல்லோரும்தான், பெண்ணைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்பது அதைத் தயாரித்த ஆணையத்தின் தலைவர் எலினோர் ரூஸ்வெல்ட்டின் எண்ணம். அவரும் பெண்தான். இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா விடவில்லை. சில நாடுகள் இதை ‘ஆண்கள்’ என்றே படித்துக்கொள்ளும் என்றார். 1948 டிசம்பர் 10ல் பிரகடனம் நிறைவேறியபோது அங்கே ‘ஆல் ஹியூமன் பீயிங்ஸ்’ என்று இருந்தது. இதைவிடப் பெரிய ப்ரூஃப் திருத்தத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கடைசியில் நின்றது பொதுச்சொல்தான். நீங்கள் விரும்பும் அதே வகைச் சொல். ஆனால் அது உண்மையிலேயே பொதுவானது, ஒரு பெண் எழுந்து ‘இதில் பெண்ணைக் காணோமே’ என்று தனியாகச் சொன்ன பிறகுதான். அப்படி எழுந்து சொல்கிற வேலைக்கு ஒரு பெயர் வேண்டுமல்லவா? அதைத்தான் பெண்ணியம் என்கிறேன். நீங்கள் ‘சமத்துவவாதி’ என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொன்ன கையோடு உங்கள் ‘எல்லோரும்’ யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத ஆரம்பித்தால், நீங்கள் வேண்டாம் என்கிற அந்தப் பெயர்க்காரியின் வேலையைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

கேள்வி: ‘பெண்ணியம்’ இருக்கிறது. ‘ஆணியம்’ என்று ஒரு சொல் ஏன் இல்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

தனிப்பெயர் தேவைப்படவில்லை ஐயா. ‘வழக்கம்’ என்ற பெயரிலேயே அது புழங்கிக்கொண்டிருந்தது. ஆணாதிக்கம் என்ற சொல் இருக்கிறதே என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அது ஆண்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் இல்லை.

கேள்வி: ஃபெமினிசம் என்ற சொல்லை முதலில் யார் உருவாக்கினார்கள்? ஒரு பெண்தானே?
– வாசகி

இல்லை. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது.

1871ல் பாரிஸில் ஒரு மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் ‘ஃபெமினிஸ்ம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். காசநோய் வந்த சில ஆண்களின் உடல் வளர்ச்சி தடைப்பட்டுப் பெண்தன்மை தெரிவதை அப்படிக் குறித்தார். அதாவது அது ஒரு நோய்க்குறி, அதுவும் ஆண்களுக்கு. அடுத்த வருடமே நாடகாசிரியர் அலெக்சாந்தர் தூமா, அப்பா தூமா இல்லை, மகன், பெண்களுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களைக் கிண்டல் செய்ய ‘ஃபெமினிஸ்ட்’ என்று எழுதினார். புதுச்சொல்லுக்கு மன்னிக்கவும் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். 1880களில்தான் யூபெர்த்தின் ஓக்லேர் என்ற பெண் அந்தச் சொல்லை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார். இவர் சாதாரண ஆள் இல்லை. எனக்கு ஓட்டு இல்லை, ஆகவே வரியும் கட்ட மாட்டேன், ஓட்டுப் போடுகிற ஆண்களே அதையும் கட்டிக்கொள்ளட்டும் என்று 1880ல் மறுத்தவர்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய பெண்களைச் சிறுமைப்படுத்த, 1906ல் ‘டெய்லி மெயில்’ பத்திரிகை ‘சஃப்ரஜெட்’ என்று எழுதியது. கடைசியில் வரும் ‘எட்’, குட்டி, அற்பம் என்று தொனிக்கும் விகுதி. அந்தப் பெண்கள் கோபப்பட்டு மறுப்பு எழுதிக்கொண்டிருக்கவில்லை. 1912ல் தங்கள் பத்திரிகைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஆகவே இந்தப் பெயரைப் பெரும்பாலும் தேடிப் போய் வாங்க வேண்டியதில்லை. எதையாவது கேளுங்கள், அடுத்தவர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

அப்போது எனக்கு 29 வயது. ஓர் அச்சகத்தில் ஆறு வருடமாக வேலை. புதிதாக ஒருவர் சேர்ந்தார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் நான்தான். நல்ல மனிதர், ழகரம் ளகரம் மட்டும் தகராறு. மாதக் கடைசியில் சம்பள நோட்டில் கையெழுத்துப் போடும்போது அவர் பெயருக்கு நேரே இருந்த தொகை கண்ணில் பட்டது. தலைகீழாக இருந்தாலும் படித்துவிடுவேன், அது தொழில் தந்த வியாதி. என்னுடையதைவிடக் கூடுதல். மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

“அவருக்குக் குடும்பம் இருக்கேம்மா” என்றார். எனக்கும் இருந்தது. அதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “நீங்க என்ன, பெண்ணியவாதியா?” என்று கேட்டார்.

“இல்லை சார், ப்ரூஃப் ரீடர்” என்றேன்.

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பதிலைப் பல வருடம் ஒரு சாமர்த்தியமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சம்பளம் மட்டும் ஏறவில்லை.

அந்த மனிதர் செய்தது என்னவென்று பின்னால்தான் பிடிபட்டது. நான் கேட்டது ஒரு கணக்கு. இரண்டு பேருக்கும் ஒரே வேலை, தொகை ஏன் வேறு? அவர் அந்தக் கணக்கை ஒரு கொள்கையாக மாற்றி என் கையில் கொடுத்தார். ஐயோ இது எனக்கு வேண்டாம் என்று அதை உதறுகிற அவசரத்தில், கணக்கையும் அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கேள்வி: பெண்ணியம் ஆண்களுக்கு என்ன செய்தது? ஆண்களைத் திட்டியதைத் தவிர? சமத்துவம் பேசுகிறவர்கள் ஆண்களின் கஷ்டத்தைப் பேசியதுண்டா?
– கோபக்கார வாசகர் (அவரே அப்படித்தான் கையெழுத்திட்டிருக்கிறார்)

திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண் என்றாலே அயோக்கியன் என்று பேசுகிற இரண்டு பேரோடு நான் ஒரே அறையில் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லைச் சொல்லிக்கொள்கிற எல்லோருக்கும் அந்தச் சொல் பொறுப்பேற்க முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர் சொல்கிறேன், ரூத் பேடர் கின்ஸ்பர்க். பின்னாளில் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியானவர். வக்கீலாக இருந்தபோது, சட்டத்தில் ஆண் பெண் பேதத்தை உடைக்க அவர் எடுத்த வழக்குகளில் சில, ஆண்களுடையவை. சார்லஸ் மோரிட்ஸ் என்பவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். வயதான அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டார். வேலைக்குப் போகும்போது அம்மாவைக் கவனிக்க ஆள் வைத்த செலவுக்கு வரிக்கழிவு கேட்டார். பெண்ணுக்கு உண்டு, மனைவியை இழந்தவருக்கு உண்டு, விவாகரத்தானவருக்கு உண்டு, கல்யாணமே ஆகாத ஆணுக்குக் கிடையாது என்றது சட்டம். பெற்ற தாயை மகன் பார்த்துக்கொள்வான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. கின்ஸ்பர்க்கும் அவர் கணவரும் சேர்ந்து வாதாடினார்கள், 1972ல் மோரிட்ஸ் வென்றார்.

அடுத்தது ஸ்டீபன் வீசன்ஃபெல்ட். இவருடைய மனைவி ஆசிரியை, குடும்பத்தில் அதிகம் சம்பாதித்தவர். 1972ல் பிரசவத்தில் இறந்துபோனார். கைக்குழந்தையை வீட்டிலிருந்து தானே வளர்க்க நினைத்த வீசன்ஃபெல்ட், இறந்தவரின் துணைக்குக் கிடைக்கும் உதவித்தொகையைக் கேட்டுப் போனார். அந்தத் தொகைக்கு ‘தாய்மாருக்கானது’ என்று பெயர். தகப்பனுக்குக் கிடையாது. 1975ல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சட்டம் ஒரே அடியில் இரண்டு பேரை அவமதித்தது என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெண் உழைத்துக் கட்டிய பணத்துக்கு ஓர் ஆணுடைய பணத்துக்கு இருக்கும் மதிப்பு இல்லை. அந்த ஆணின் வளர்ப்புக்கு ஒரு பெண்ணின் வளர்ப்புக்கு இருக்கும் மதிப்பு இல்லை. முதல் அவமதிப்பைத் தொடாமல் இரண்டாவதைத் தீர்க்க வழியில்லை.

கோபக்காரரே, ஆண் அழக்கூடாது, ஆண்தான் சம்பாதிக்க வேண்டும், ஆணுக்குக் குழந்தையைத் தூக்கத் தெரியாது என்பதையெல்லாம் உங்கள் தலையில் ஏற்றியது யார் என்று ஆற அமர யோசித்து எழுதுங்கள். அடுத்த மாதம் பிரசுரிக்கிறேன்.

கேள்வி: சமம் என்றால் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதுதானே? அப்புறம் எதற்குப் பெண்களுக்குத் தனியாக எதையாவது கேட்கிறார்கள்?
– மருந்துத் துறையில் பணிபுரிபவர்

உங்கள் துறையிலிருந்தே பதில். ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் 1992ல் அனுமதி கிடைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். இதைவிட ஒரே மாதிரி இருக்க முடியுமா? 2013ல் அங்கே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பெண்களுக்குப் பாதியாகக் குறைத்து 5 போதும் என்றது. பெண்களின் உடலிலிருந்து அந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. காலையில் எழுந்து வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சமிருக்கிறது. இருபது வருடம் பெண்கள் விழுங்கியது அவர்களுக்கு ஏற்ற அளவை அல்ல. அளவு ஒன்றுதான், அது யாருக்குப் பொருந்திய அளவு என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் மருந்துக்காரர், மிச்சத்தை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள்.

கேள்வி: நான் நாலு வீட்டில் வேலை செய்கிறேன். ஒரு வீட்டு அம்மா பெண்கள் கூட்டங்களில் பேசப் போவார். அவர் பேசப் போகிற நாளில் எனக்குத்தான் கூடுதல் வேலை. கூடுதல் காசு கிடையாது. இது யாருடைய பெண்ணியம்? (மகளைக் கொண்டு எழுத வைத்திருக்கிறேன்.)
– வீட்டு வேலை செய்பவர்

இந்த மாதம் வந்ததிலேயே என்னைத் தூங்கவிடாத கடிதம் இது. மகளுக்கு என் பாராட்டு, ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.

நீங்கள் கேட்டதை உலகத்தில் வேறு பெண்களும் கேட்டிருக்கிறார்கள் அம்மா. அமெரிக்காவில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 1964க்கு முன்னால் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. பிறகு ஆள்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே என்றார்கள். கடைசியில் சேர்ந்தவர்கள் யார்? இவர்கள்தான். 1976ல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது, ஆகவே பெண் என்பதற்காகப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாட்டுக்கு ஏற்கெனவே இருக்கும் வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கூட்டி, கறுப்பினப் பெண் என்று தனியாக ஒரு குறை கேட்க முடியாது. நிறுவனம் முன்பே வேலைக்கு வைத்திருந்த பெண்கள் வெள்ளைக்காரப் பெண்கள், முன்பே வைத்திருந்த கறுப்பினத்தவர் ஆண்கள். இவர்கள் இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விழுந்துவிட்டார்கள். கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989ல் இந்த வழக்கை எடுத்துக்காட்டித்தான், இரண்டு பாகுபாடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் நிற்பவர்களைப் பற்றி எழுதினார். எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் ‘ஃபெமினிஸ்ட்’ போதாது என்று ‘வுமனிஸ்ட்’ என்ற வேறு சொல்லையே எடுத்துக்கொண்டு, 1983ல் அதற்கு விளக்கமும் எழுதினார்.

முதல் கேள்வி கேட்ட மாணவிக்கு இந்த இடத்தைக் காட்ட ஆசைப்படுகிறேன். அவருக்குப் ‘பெண்ணியம்’ குறுகலான சொல்லாகத் தெரிகிறது, ஆண்களை விட்டுவிடுகிறது என்று. இவர்களுக்கும் அது குறுகல்தான், தங்களை விட்டுவிடுகிறது என்று. என் மனம் இரண்டாவது புகார் சொல்கிறவர்களிடம்தான் முதலில் போகிறது.

நான் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. மேலே சொன்ன அச்சகத்தைவிட்டு இரண்டு வருடத்தில் இன்னோர் அச்சகத்துக்குப் போனேன். அங்கே ஆண் ப்ரூஃப் ரீடருக்கு என்னவோ அதே சம்பளம் எனக்கும் என்று பேசித்தான் சேர்ந்தேன். பெருமையாக இருந்தது. அதே கட்டடத்தில், என் அறைக்கு நேர் கீழே, ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஃபாரம், அதாவது புத்தகத்துக்காக அச்சான பெரிய தாள்களை, மடித்துக்கொண்டிருந்தார்கள். மடிக்கிற எண்ணிக்கைக்குக் கூலி. நான் ஒரு பிழையைப் பிடித்துத் தாளை நிறுத்தி வைத்தால் அன்று அவர்களுக்கு மடிக்க ஒன்றும் இருக்காது, கூலியும் இருக்காது. ஒன்பது வருடம் அந்தப் படியில் ஏறி இறங்கினேன். அவர்களுடைய கணக்கை நான் ஒருநாளும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு அம்மாவிடம் கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்துக் கேட்டால் இன்னும் நல்லது. நீங்கள் சம்மதித்தால் இந்தப் பக்கத்தை அவர் படிக்கும்படி வைத்துவிடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் சம ஊதியம், குழந்தை பராமரிப்பு விடுப்பு பற்றிப் பேச ஒரு குழு தொடங்குகிறோம். ‘பெண்ணியம்’ என்று பெயரில் போட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள். எடுத்துவிட்டால் கோழைத்தனமா?
– நாலு பேர் சேர்ந்து எழுதியது

எடுத்துவிடுங்கள். ஐஸ்லாந்தில் 1975ல் பெண்கள் எல்லோரும் ஒருநாள் வேலையை நிறுத்துவது என்று யோசனை வந்தது. தீவிரமான பெண்கள் இயக்கம் ஒன்று அதை ‘வேலைநிறுத்தம்’ என்றே சொன்னது. மற்றவர்கள் தயங்கினார்கள். கடைசியில் ‘பெண்கள் விடுமுறை நாள்’ என்று பெயர் மாற்றினார்கள். விடுமுறை எடுப்பதை யார் தடுக்க முடியும்? அக்டோபர் 24ஆம் தேதி நாட்டில் சுமார் 90 சதவீதப் பெண்கள் அலுவலக வேலையும் செய்யவில்லை, வீட்டு வேலையும் செய்யவில்லை. பள்ளிகள் மூடின, மீன் ஆலைகள் மூடின, அப்பாக்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு அலுவலகம் போனார்கள். அடுத்த வருடம் சமஉரிமைச் சட்டம் வந்தது. ஐந்தாவது வருடம், 1980ல், விக்டிஸ் ஃபின்பொகாடோட்டிர் அந்த நாட்டின் ஜனாதிபதியானார். மக்கள் நேரடியாக வாக்களித்து ஒரு பெண்ணை ஜனாதிபதியாக்கியது உலகத்தில் அதுதான் முதல் முறை.

பெயரில் விட்டுக்கொடுத்தார்கள், வேலையில் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் குழுவுக்கு ‘சம்பளக் கணக்குக் குழு’ என்றுகூடப் பெயர் வையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் கூட்டத்திலேயே யாராவது “நீங்கல்லாம் பெண்ணியவாதிகளா?” என்று கேட்பார். அவசரப்பட்டு “இல்லை இல்லை” என்று ஆரம்பிக்காதீர்கள். அன்றைய கூட்டம் முழுக்க அதிலேயே போய்விடும்.

கேள்வி: நீங்கள் எப்போது, எதனால் இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டீர்கள்?
– பல பேர்

தாமதமாக. அதில் எனக்கு நல்ல துணை இருக்கிறது. பெண்ணின் நிலையைப் பற்றி 1949லேயே இரண்டு பாகம் எழுதிய சிமோன் து பொவாரே, தன்னைப் பெண்ணியவாதி என்று வெளிப்படையாகச் சொன்னது 1972ல்தான். சோசலிசம் வந்தால் பெண்களின் பிரச்சினையும் தானாகத் தீர்ந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்ததாகச் சொன்னார். நான் அவ்வளவு பெரிதாக எதையும் நம்பியிருக்கவில்லை. நல்ல வேலைக்காரியாக இருந்தால் தானாகத் தீர்ந்துவிடும் என்று மட்டும் நம்பினேன்.

அப்போது எனக்கு 52 வயது. மூன்றாவது அச்சகம். கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்க ஒரு பெண் சேர்ந்திருந்தாள், இருபத்துமூன்று வயதிருக்கும். அவளோடு சேர்ந்த பையனுக்குச் சம்பளம் அதிகம் என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேரே மேனேஜர் மேஜைக்குப் போனாள். இவர் வேறு மேனேஜர், வேறு ஊர்க்காரர், முன்னவரைவிட ரொம்ப மரியாதையானவர். ஆனாலும் கேள்வி அதேதான். சிரிப்பும் அதே சிரிப்பு.

“என்னம்மா, நீ பெண்ணியவாதியா?”

பக்கத்து மேஜையில் நான் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு என் பதிலை எடுத்துக்கொடுக்கலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

“ஆமா சார்” என்றாள். “அந்தச் சம்பளம் எப்போ சார் போடுவீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றுமில்லையே. அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, “பார்க்கிறேன்மா” என்றார். மூன்று மாதம் கழித்து வித்தியாசத்தில் பாதி ஏறியது. மீதிப் பாதிக்கு அவள் மறுபடியும் போனாள், அது வேறு கதை.

அன்றைக்கு என் மேஜையில் இருந்தது ஓர் இலக்கண நூல். அந்தப் பக்கத்தில் மட்டும் மூன்று பிழைகளை விட்டுவிட்டேன். புத்தகம் வந்த மறுவாரம் ஆசிரியர் போன் செய்து, இத்தனை வருட அனுபவம் உள்ளவர் இப்படி விடலாமா என்று கத்தினார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.